வெட்டுத் துணியில் மாண் தீவின் 'கூரைக் கட்டம்': கையாலேயே மடித்துத் தைக்கும் முழு முறை

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஐரிஷ் கடலில் ஒரு சின்னத் தீவு இருக்கிறது, ஐல் ஆஃப் மேன். தமிழில் மாண் தீவு என்று எழுதுகிறார்கள். மொத்தப் பரப்பே 572 சதுர கிலோமீட்டர்தான். அந்தத் தீவின் குடிசை வீடுகளில் பெண்கள் பழைய துணியைக் கிழித்துப் போர்வை தைத்தபோது ஸ்கேல் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து போர்வையாகும் சதுரக் கட்டத்துக்கு ஒரு சாண், நடுவில் வரும் சதுரத்துக்கு நடுவிரல், பட்டையின் அகலத்துக்குக் கட்டைவிரல், அவ்வளவுதான் அளவு. உள்ளே பஞ்சும் வைக்கவில்லை. அப்படியும் அது குளிர் தாங்கியது, ஏனென்றால் ஒவ்வொரு பட்டையும் தன்மேலேயே ஒருமுறை மடிந்து நிற்கிறது.

அந்த மடிப்புதான் இந்தத் தையலின் உயிர். அமெரிக்காவில் 'லாக் கேபின்' என்று ஒரு கட்டம் உண்டு, பலரும் படத்தில் பார்த்திருப்பீர்கள்: நடுவில் சதுரம், சுற்றிலும் பட்டைகள், பாதிக் கட்டம் வெளிர் நிறம், பாதி அடர் நிறம். மேலோட்டமாகப் பார்த்தால் மாண் தீவுக் கட்டமும் அதுவேதான். ஆனால் லாக் கேபினில் பட்டையைத் தைத்ததும் தையல் கோட்டிலேயே திருப்பித் தட்டையாக்கிவிடுவார்கள், பிறகு உள்ளே பஞ்சு வைத்து, அடியில் துணி வைத்து, மூன்றையும் சேர்த்து இன்னொரு சுற்றுத் தைக்க வேண்டும். மாண் தீவில் தையல் கோட்டைத் தாண்டி உள்பக்கமாகக் கொஞ்சம் துணியை விட்டு மடிக்கிறார்கள். பஞ்சுக்குப் பதில் அந்த மடிப்பு, அடித்துணியையும் சேர்த்தே தைத்துவிடுவதால் இரண்டாம் சுற்றுத் தையலும் கிடையாது. கடைசிப் பட்டை தைத்து முடித்தால் அந்தக் கட்டம் முழுசாக முடிந்துவிட்டது.

இதற்கு அங்கே 'ரூஃப் பேட்டர்ன்' என்று பெயர், கூரை டிசைன். தீவின் தென்கோடியில் கிரெக்னீஷ் என்று ஒரு கிராமம், 1938 முதல் அது ஒரு திறந்தவெளி அருங்காட்சியகமும்கூட. அங்கே வைக்கோல் வேய்ந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன, காற்று பிய்த்துக்கொண்டு போகாமலிருக்கக் கூரைமேல் கயிறு போட்டு, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் முளைகளில் கட்டியிருப்பார்கள். கூரை வேய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தையல் சட்டென்று புரியும், ஒரு வரிசை கட்டிய இடத்தை அடுத்த வரிசை மூடிக்கொண்டே வருகிறது. தைத்து முடித்த கட்டத்தை மேலிருந்து பார்த்தால் எனக்கு நம் ஊர்த் தெப்பக்குளம்தான் நினைவுக்கு வரும். நான்கு பக்கமும் படி இறங்கி, நடுவில் சிவப்பாகக் கொஞ்சம் தண்ணீர்.

எந்தத் துணி ஆகும்

பருத்தி மட்டும். பாப்ளின், சட்டைத்துணி, காட்டன் நைட்டி, மெல்லிய பெட்ஷீட், எல்லாம் ஆகும். பனியன் துணி வேண்டாம், இழுபடும், நேராகக் கிழியாது. சிந்தெடிக் மடிப்பைப் பிடித்து நிற்காது. ஜீன்ஸ் மாதிரி கனமானது நான்கு அடுக்கானதும் ஊசியை உள்ளே விடாது. மெல்லிய துணியையும் கனமானதையும் ஒரே கட்டத்தில் கலந்தால் கட்டம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், ஆகவே கையில் பிடித்துப் பார்த்து ஒரே மாதிரி எடையுள்ளவற்றைத் தனியே பிரித்து வையுங்கள்.

தையல்கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும் வெட்டுத் துணி நல்லதுதான், ஆனால் அதில் பாதி கைக்குழி வளைவும் முக்கோணமுமாக இருக்கும். நேர் இழை ஒரு விரல் நீளத்துக்காவது ஓடுகிற துண்டுகளை மட்டும் எடுங்கள். என் அனுபவத்தில் மிக நல்ல பட்டை வருவது ஆண்களின் பழைய சட்டை முதுகுத் துணியில். காலரும் முழங்கையும் நைந்துபோன பிறகும் முதுகு அப்படியே இருக்கும், வெளிர் நிறத்துக்கு அலையவே வேண்டாம். பழைய காட்டன் புடவையை எடுத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், நட்சத்திரம்போல் ஒளி தெரிகிற இடம் இற்றுப்போனது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் முதலிலேயே அலசி விடவேண்டும். நடுச் சதுரத்துக்குச் சிவப்பு வைப்பது வழக்கம், வீட்டு அடுப்பின் நெருப்பு அது என்பார்கள். அழகுதான், ஆனால் சிவப்பு சாயம் விடும். நான் தைத்த முதல் கட்டங்களில் சோதிக்காமல் வைத்துவிட்டு, ஒரே அலசலில் சுற்றியிருந்த வெள்ளைப் பட்டையெல்லாம் வெளிறிய ரோஸாக மாறிப்போனதைப் பார்த்து இரண்டு நாள் ஊசியைத் தொடவில்லை. சிவப்புத் துணியை நனைத்து, ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்தித் தேயுங்கள். கறை ஒட்டினால் இன்னும் அலசுங்கள். மூன்று நான்கு அலசலுக்குப் பிறகும் விட்டால் அந்தத் துணி வேண்டாம், வேறு சிவப்பு தேடுங்கள்.

மற்றவை கொஞ்சம்தான்: 8 அல்லது 9ஆம் நம்பர் ஊசி, பருத்தி நூல், குண்டூசி, கத்தரி, நூலில் தேய்க்கக் கொஞ்சம் தேன்மெழுகு. ஊசி குத்தாமலிருக்க நடுவிரலில் மாட்டிக்கொள்ளும் சின்னத் தொப்பி, திம்பிள், ஒன்று இருந்தால் நல்லது, ஃபேன்சி ஸ்டோரில் அந்தப் பெயர் சொல்லிக் கேட்டாலே தருவார்கள். அப்புறம் பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் ஒன்றேகால் சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

அளவு

கையால் அளப்பதானால் ஒரே ஒரு விதி: ஒரு போர்வைக்கு ஒரு கை. அம்மாவும் மகளும் சேர்ந்து தைக்கலாம், ஆனால் அளப்பது ஒருவர்தான். பூக்காரம்மாவின் முழமும் நம் முழமும் ஒன்றில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதானே. முதல்முறை தைப்பவர்களுக்கு நான் சென்டிமீட்டரையே சொல்வேன், கணக்கு ஒருமுறை கைக்குப் பழகினால் அடுத்த போர்வையை விரலால் அளந்துகொள்ளலாம். என் அளவு இது.

அடித்துணி 22 செ.மீ. சதுரம். நடுச் சதுரம் 7.5 செ.மீ. பட்டை 6 செ.மீ. அகலம். சுற்று மொத்தம் நான்கு, கடைசிச் சுற்றுக்கு மட்டும் பட்டை 5 செ.மீ. அகலம். ஒரு கட்டத்துக்குப் பட்டை வெளிர் நிறத்தில் 115 செ.மீ. நீளமும் அடர் நிறத்தில் 129 செ.மீ. நீளமும் செலவாகும், ஓரம் நறுக்குவதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு சாண் கூடுதலாக வையுங்கள். எல்லாம் ஒரே துணியாக இருக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு பட்டையும் வேறு வேறாக இருந்தால்தான் இந்தப் போர்வைக்கு அழகு. வெளிர், அடர் என்ற பிரிவு மட்டும் கலங்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், அல்லது போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுங்கள். நிறம் போய்விடும், வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும்.

துணியைக் கிழிப்பது

ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழியுங்கள். தயங்கித் தயங்கிக் கிழித்தால் ஓரம் சுருளும். கிழிந்த துணி இழைவழியாகத்தான் போகும், அதனால் பட்டை கண்டிப்பாக நேராக இருக்கும், இழைக்குச் சாய்வாக, கிராஸாக வெட்டிய பட்டைபோல் இழுபட்டு நீளாது. பிரிண்ட் சரியாக இழைமேல் விழாத துணியில் கோடுகள் சாய்ந்து வரும், அது பரவாயில்லை, இழை நேராக இருந்தால் போதும். கிழித்த பட்டைகளைத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு, தொங்கும் நூல்களை நறுக்கிவிடுங்கள். முதலில் கரைப் பக்கத்தைக் கிழித்துத் தூக்கிப் போட்டுவிடுவது நல்லது, அது மற்ற இடத்தைவிட இறுக்கமாக நெய்திருப்பதால் துவைத்த பிறகு சுருங்கி இழுக்கும்.

நடுவிலிருந்து தொடங்குவது

அடித்துணியை மூலைக்கு மூலை மடித்து நகத்தால் அழுத்துங்கள், விரித்து மறு மூலைகளையும் அப்படியே செய்யுங்கள். பெருக்கல் குறிபோல் இரண்டு கோடு விழும். இந்தக் கோடுகள்தான் கடைசிவரை உங்களுக்கு வழிகாட்டி. நடுச் சதுரத்தின் நான்கு மூலைகளும் இந்தக் கோடுகள்மேல் உட்காரும்படி வைத்து, ஓரத்தை ஒட்டிப் பெரிய தையலாக நான்கு பக்கமும் ஓட்டிவிடுங்கள்.

அடித்துணியின் மறுபக்கம்தான் நாளைக்குப் போர்வையின் பின்பக்கம். அதனால் முடிச்சு எப்போதும் மேல்பக்கமே, பட்டைக்கு அடியில் ஒளியும்படி விழட்டும். இது முதல் தையலிலிருந்தே பழக வேண்டிய விஷயம். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், நீளமாகக் கோத்தால் சிக்கும்.

முதல் பட்டையும் அதன் மடிப்பும்

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள், மீதி எல்லாம் இதையே திரும்பச் செய்வதுதான்.

வெளிர் நிறப் பட்டையிலிருந்து 7.5 செ.மீ. நீளம் நறுக்குங்கள். அதை நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி நடுச் சதுரத்தின்மேல் கவிழ்த்து வையுங்கள். பட்டையின் ஒரு நீள ஓரமும் சதுரத்தின் மேல் ஓரமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்த வேண்டும், பட்டையின் மீதி உடம்பு சதுரத்தை மூடிக்கொண்டு உள்பக்கம் கிடக்கும். ஓரத்திலிருந்து முக்கால் சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, முனையிலிருந்து முனைவரை ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக விட்டு நேராகப் போவது) போடுங்கள். அடித்துணி, சதுரம், பட்டை மூன்றையும் ஊசி துளைத்துப் போக வேண்டும். தையல் ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது, நான்கைந்து தையலுக்கு ஒருமுறை ஒரு பின்தையல் (ஊசியை ஒரு தையல் பின்னால் குத்தி முன்னால் எடுப்பது) போட்டால் நூல் நழுவாது. நூலை இறுக்கி இழுக்காதீர்கள். அடித்துணி சுருங்குகிறதா என்று அவ்வப்போது திருப்பிப் பாருங்கள்.

இப்போது அந்தப் பத்திரிகை அட்டையை எடுங்கள். அதன் ஒரு விளிம்பைத் தையல் கோட்டில் வைத்து, அட்டை சதுரத்தின் பக்கமாக இருக்கும்படி பட்டைமேல் படுக்க வையுங்கள். பட்டையை அட்டையின் மறு விளிம்பைச் சுற்றி மேலே தூக்கி, வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். அட்டையை உருவிவிட்டு, மடிப்பை நகத்தால் கீறிவிடுங்கள். துணியின் நல்ல பக்கம் இப்போது மேலே வந்துவிட்டது. மடிப்பு விளிம்பு தையல் கோட்டைத் தாண்டி ஒன்றேகால் சென்டிமீட்டர் சதுரத்துக்குள் நிற்கிறது, தையல் அதற்கு அடியில் மறைந்துவிட்டது. அட்டை இல்லாமல் செய்பவர்களுக்குக் கட்டைவிரல் நகம்தான் அளவு.

பட்டையின் மறு ஓரம் சதுரத்தின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வெளியே அடித்துணிமேல் படுத்திருக்கும். அதை இரண்டு குண்டூசியால் பிடித்து வையுங்கள். மடிப்பு விளிம்பைக் கீழே ஒட்டித் தைத்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும், வேண்டவே வேண்டாம். அது தளர்வாக இருந்தால்தான் உள்ளே காற்று நிற்கும், சூடும் அதில்தான்.

சுற்றிச் சுற்றி

கட்டத்தை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்புங்கள். வலது பக்கமாக இருந்த ஓரம் இப்போது மேலே வந்திருக்கும். அடுத்த வெளிர்ப் பட்டை 9.5 செ.மீ. நீளம், ஏனென்றால் சதுரத்தோடு முதல் பட்டையின் முனையையும் அது மூட வேண்டும். அதே தையல், அதே அட்டை, அதே மடிப்பு. முதல் பட்டையின் மடிப்பு முனை இந்தத் தையலுக்குள் மாட்டும்போது ஊசி ஐந்து அடுக்கைத் துளைக்க வேண்டியிருக்கும், அங்கே மட்டும் ஒவ்வொரு குத்தாக மேலும் கீழும் இழுங்கள்.

மறுபடி திருப்பி அடர் பட்டை 9.5, மறுபடி திருப்பி அடர் பட்டை 11.5. ஒரு சுற்று முடிந்தது. சதுரம் இப்போது 11.5 செ.மீ. ஆகியிருக்க வேண்டும், அதன் நான்கு மூலைகளும் அந்தப் பெருக்கல் கோட்டின்மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதே பிரித்துவிடுங்கள். முதல் சுற்றில் 2 மில்லிமீட்டர் விலகினால் நான்காம் சுற்றில் விரல் அகலத்துக்கு வந்து நிற்கும்.

இரண்டாம் சுற்றின் நீளங்கள் 11.5, 13.5, 13.5, 15.5. மூன்றாவது 15.5, 17.5, 17.5, 19.5. வரிசை எப்போதும் வெளிர், வெளிர், அடர், அடர். ஒவ்வொரு புதுப் பட்டையின் ஓரத்தையும் முந்தைய சுற்றுப் பட்டையின் படுத்திருக்கும் ஓரத்தோடு பொருத்த வேண்டும், புது மடிப்பு உள்பக்கம் வந்து அந்த ஓரத்தை மூடிக்கொள்ளும். மேலே தெரிவது ஒவ்வொரு பட்டையிலும் 2 செ.மீ. மட்டும்தான், ஆறில் இரண்டு. மீதி நான்கும் அடியில் ஒளிந்திருக்கிறது, அதனால்தான் போர்வையை எங்கே கிள்ளிப் பார்த்தாலும் அடித்துணியோடு சேர்த்துக் கிட்டத்தட்ட நான்கு அடுக்குத் துணி கையில் கிடைக்கும். ஆனால் தைக்கும் நேரத்தில் ஊசி பெரும்பாலும் மூன்று அடுக்கை மட்டுமே துளைக்கிறது. இவ்வளவு கனமான ஒன்றை வெறும் கையால், இவ்வளவு சுலபமாகத் தைக்க முடிவதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான். இதை யோசித்துக் கண்டுபிடித்த பெண்ணின் பெயர் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

பலருக்கும் நடக்கும் தவறு ஒன்று: பட்டையை ஓரத்துக்குச் சமமாக நறுக்காமல் நீளமாக விட்டுத் தைத்துக்கொண்டே போய், கடைசியில் கொஞ்சம் இழுத்தோ தளர்த்தியோ சரிக்கட்டுவது. தட்டையாகத் தெரியும், ஆனால் நான்கு சுற்றுக்குப் பிறகு கட்டம் கிண்ணம்போல் குழியும். முதலில் நறுக்கி, இரண்டு முனையிலும் நடுவிலும் ஊசி குத்தி, அப்புறம் தையுங்கள்.

நான்காம் சுற்றுக்கு 5 செ.மீ. பட்டை: நீளம் 19.5, 20.5, 20.5, 21.5. மடிப்பு அதே அளவுதான், வெளியே நீள்வது மட்டும் 1 செ.மீ. குறையும், அதுதான் கட்டங்களை இணைக்கும் ஓரம். தைத்து முடித்ததும் வெளி ஓரத்தை அடித்துணியோடு சேர்த்து ஓட்டி, 21.5 செ.மீ. சதுரமாக நறுக்கிவிடுங்கள். திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெறும் தையல் கோடுகளால் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் தெரியும். எனக்கு முன்பக்கத்தைவிட அது பிடிக்கும்.

பழகிய கைக்கு ஒரு கட்டம் இரண்டு மணி நேரம். முதல் கட்டம் ஒரு முழுச் சாயங்காலத்தை எடுத்துக்கொள்ளும்.

கட்டங்களை இணைப்பது

தைக்கும் முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பாருங்கள். நான்கு கட்டங்களின் அடர் பாதிகள் நடுவில் கூடினால் ஒரு பெரிய வைரம் வரும். எல்லாக் கட்டமும் ஒரே திசையைப் பார்த்தால் உழுத வயல்போல் சாய்ந்த கோடுகள் ஓடும். நடுவிலிருந்து வெளிரும் அடரும் மாறி மாறி விரிந்துகொண்டே போகும்படியும் அடுக்கலாம். ஒரு முழு மாலை இதற்கே ஒதுக்குங்கள், தைத்த பிறகு மாற்ற முடியாது.

இரண்டு கட்டங்களை நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, 1 செ.மீ. உள்ளே பின்தையல் போடுங்கள். இங்கே ஓட்டுத்தையல் போதாது, போர்வையின் எடை முழுவதும் இந்தத் தையல்களில்தான் தொங்கும். பின்பக்கம் இணைப்பின் ஓரங்களை இரண்டாகப் பிரித்து விரித்து, மூன்றரை சென்டிமீட்டர் பட்டை ஒன்றின் இரு ஓரத்தையும் உள்ளே மடித்து, அதன்மேல் வைத்து ஹெம்மிங் செய்துவிடுங்கள். வரிசை வரிசையாக இணைத்து, பிறகு வரிசைகளை இதே முறையில் சேருங்கள். சுற்று ஓரத்துக்கு 6 செ.மீ. பட்டையை முன்பக்கம் தைத்து, பின்னால் திருப்பி ஹெம்மிங்.

எத்தனை கட்டம்? ஒவ்வொன்றும் இணைத்த பிறகு 19.5 செ.மீ. நிற்கும். நான்கு கட்டம் ஒரு குஷன் உறை, 39 செ.மீ. குழந்தைக்கு 4க்கு 5, இருபது கட்டம். ஒருவர் போர்த்திக்கொள்ள 7க்கு 10, எழுபது கட்டம், அது 136.5 செ.மீ.க்கு 195. எழுபதுக்கு அடித்துணியும் பட்டையுமாக 13 சதுர மீட்டருக்கு மேல் துணி உள்ளே போகிறது, பாப்ளினில் தைத்தாலும் ஒன்றரை கிலோ எடை வரும். ஆகவே குஷனில் தொடங்குங்கள். சென்னை மாதிரி ஊரில் இருப்பவர்களுக்கு முழுப் போர்வை மார்கழியில்கூடக் கனமாகத்தான் இருக்கும், தரையில் விரித்துக் குழந்தையை விளையாட விடும் விரிப்பாகத் தைத்தால் தினமும் பயன்படும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் எழுபதையும் தைக்கலாம்.

துவைக்கும்போது பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், மடிப்பெல்லாம் எதிர்ப்பக்கம் புரண்டுவிடும். துவைக்கும் முன் நன்றாக உதறுங்கள், மடிப்புக்குள் தூசி தங்கும். அகலமான வாளியில் ஊறவைத்து, மிதமாக அமுக்கிப் பிழிந்து, கொடியில் தொங்கவிடாமல் கட்டில்மேலோ மொட்டை மாடியில் பாய்மேலோ விரித்து நிழலில் காயவையுங்கள். ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் மடிப்பை விரலால் நீவி உள்பக்கம் படுக்க வைத்துவிட்டால் இஸ்திரியே தேவைப்படாது.